மூச்சுக்காரருக்கு வைத்த இடம்

எங்கள் ஊரில் மூச்சுவிடத் தெரிந்த மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்தார். மற்ற நாங்களெல்லாம் பிறந்ததிலிருந்து சும்மா இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தோம் என்பது அவருடைய கருத்து. அதை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. நான் வாசல் கூட்டிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து நின்று என் மூக்கையே பார்ப்பார். அதற்குச் சொல்லியே இருக்கலாம்.

ஊர் அவருக்கு வைத்த பெயர் மூச்சுக்காரர். சொந்தப் பெயரைக் கேட்டால், "அது ஆதார்ல இருக்குதுங்க" என்பார். ஆதார் எங்கே என்றால், "அது ஊட்டுல இருக்குதுங்க" என்பார். வீடு எங்கே என்றால் கையை நீட்டி, "அந்தப்பக்கம், திருச்செங்கோடுங்க" என்பார். எங்கள் ஊரிலிருந்து திருச்செங்கோடு அந்தப் பக்கம் இல்லை.

அவர் எங்கள் வீட்டுக்கு வந்த காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டுக்காரர் நாமக்கல்லில் லாரி வைத்து ஓட்டியவர். ஒரு காலத்தில் அவர் கையைத் தூக்கினால் ஒரு தெரு நிறைய லாரி கிளம்பும். ஒரு நாள் காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவருக்கு வாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. கூடவே பேச்சும் போய்விட்டது. ஒரே ஒரு சொல் மட்டும் தங்கியது. "ஏத்து."

ஆயுசு முழுக்க சுமை ஏற்றுகிறவர்களைப் பார்த்துச் சொன்ன சொல். மற்றதெல்லாம் ஓடிப்போனபோதும் அது மட்டும் அசையாமல் உட்கார்ந்துகொண்டது. தண்ணீர் வேண்டும் என்றாலும் ஏத்து. காற்றாடியை நிறுத்து என்றாலும் ஏத்து. சாம்பாரில் உப்பு இல்லை என்றாலும் ஏத்து. மற்ற சொற்கள் மெதுவாகத் திரும்பும் என்று டாக்டர் எனக்கு ஆறுதல் சொன்னார். எனக்கு அவசரமில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் பேசியது ஏறக்குறைய அந்த அளவுதான்.

அந்த ஒரு சொல்லுக்கு எந்த நேரத்தில் என்ன அர்த்தம் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அதனால் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் நான்தான். வேறு யாரையும் கை வைக்க விட்டதில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைதான், சொன்னால் என்ன.

அப்படி இருக்கும்போது துவைக்கிற கல் பக்கத்தில் தலை சுற்றி விழுந்துவிட்டேன். எழுந்து மீதித் துணியையும் துவைத்துப் போட்டுவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். என் மகன் சேலத்தில் துணி வியாபாரம் செய்கிறான். அவன் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

"அம்மா, சேலத்துல ஒரு இல்லம் பார்த்து வச்சிருக்கறேன். அப்பாவை அங்க சேர்த்தரலாம். ஏசி இருக்குது, நர்சு இருக்குது. ஞாயித்துக்கிழமை பஜனை வேற இருக்குது."

"உங்கப்பன் ஏத்துன்னு சொன்னா அவிய எதை ஏத்துவாங்க?"

"நீ விழுந்து கெடந்தா யாரும்மா பார்க்கறது?"

"நான் எதுக்கு விழறேன்."

"விழுந்துதானே கையில கட்டுப் போட்டிருக்குது."

அதற்கு மேல் அந்தப் பேச்சை நான் வளர்க்கவில்லை. அப்போது ஆடி பிறந்திருந்தது. ஆடியில் யாரும் வீடு மாற மாட்டோம், ஆளையும் மாற்ற மாட்டோம். அதைப் பிடித்துக்கொண்டேன். கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆனது. ஆடி முடிகிறவரை அவரைக் கவனிக்க ஓர் ஆளை வைத்துப் பார்ப்பது. ஒத்து வராவிட்டால் ஆவணி பிறந்ததும் அவரைச் சேலத்துக்குக் கொண்டுபோய் விடுவது.

வருகிற ஆள் எப்படிப்பட்டவனாக இருந்தாலும் ஆடி முழுக்க அவனோடு ஒத்துப்போவது என்று முடிவு செய்தேன். வந்தவரைப் பார்த்த பிறகுதான் ஆடி எவ்வளவு நீளமான மாதம் என்று தெரிந்தது.

மெலிந்த ஆள். ஐம்பது வயதுக்குப் பக்கம் இருக்கும். தோளில் ஒரு பை. வாசற்படி வரைக்கும் வந்தவர் அங்கேயே நின்று கண்ணை மூடிக்கொண்டார். வெயிலில் வந்த மயக்கமாக்கும் என்று ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுபோனேன்.

"ஏனுங்க, மயக்கமுங்களா?"

"இல்லீங்க ஆத்தா. வந்துட்டு இருக்கறனுங்க."

"அதான் வந்துட்டீங்களே."

"ஒடம்பு வந்துருச்சுங்க. மனசு இப்பத்தான் பரமத்தி வேலூர் தாண்டுதுங்க."

நான் சொம்பைப் பிடித்தபடி நின்றேன். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து, "வந்துருச்சுங்க" என்று சொல்லி வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தார். மகனுக்குப் போன் போட நினைத்தேன். ஆடியில் அன்று முதல் வெள்ளி. பொறுத்துக்கொண்டேன்.

இந்த வித்தையெல்லாம் எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். அவர் ஆழ்துளைக் கிணறு, அதாவது போர், போடுகிற ரிக் வண்டியில் வேலை செய்தவராம். திருச்செங்கோட்டு ரிக் வண்டி போகாத ஊர் இல்லை. எங்கெல்லாம் மனிதன் தாகமாக இருக்கிறானோ அங்கெல்லாம் போய்ப் பூமியில் ஓட்டை போட்டுவிட்டு வருவார்கள். அப்படி வடக்கே எங்கோ மலையடிவாரத்தில் ஒரு புத்த மடத்துக்குப் போர் போடப் போயிருக்கிறார்கள். தோண்டினால் தண்ணீர் இல்லை, வறண்ட மண் புகைதான் வருகிறது. இடம் மாற்றித் தோண்டினாலும் புகை. மறுபடி மாற்றினாலும் புகை. மடத்தில் இருந்த வயதான பிட்சு வந்து குழியைப் பார்த்தாராம். "பரவாயில்லை, சாப்பிட வாங்க" என்று சைகை காட்டினாராம்.

"போர் போட்டுப் பொகை வந்து, பரவாயில்லைன்னு சொன்ன மனுசனை நான் பார்த்ததே இல்லீங்க ஆத்தா. நம்ம பக்கம்னா மண்ணை வாரித் தூத்துவாங்க. இல்லைன்னா குழிக்குள்ள எட்டிப் பார்த்து அழுவாங்க. இந்த மனுசனுக்கு உள்ள என்ன இருக்குதுன்னு பார்க்கோணும்னு தோணிருச்சுங்க. வண்டியை அனுப்பிப்போட்டு நான் அங்கியே நின்னுக்கிட்டனுங்க."

அந்தப் பிட்சு படுத்த படுக்கையானதும் கடைசி வரைக்கும் இவர்தான் கூட இருந்து பார்த்தாராம். மூச்சும் அங்கே கற்றது, நோயாளியைத் தொடுவதும் அங்கே கற்றது. இரண்டும் ஒரே வேலை என்பார்.

புத்தர் எங்களுக்குத் தெரியாதவர் இல்லை. ஆத்தூர்ப் பக்கம் காட்டுவெளியில் பெரிய சிலையாக உட்கார்ந்திருக்கிறார். ஒரு கல்யாணத்துக்குப் போகிற வழியில் பார்த்திருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நாங்கள் கும்பிட்டதைக் கவனித்த மாதிரித் தெரியவில்லை. மூச்சுக்காரரும் அந்த வகைதான்.

எங்கள் வீட்டுக்காரரைத் தொடுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் நிற்பார். தன் மூச்சு உள்ளே போய் வெளியே வருவதைப் பார்ப்பார். பிறகுதான் கை வைப்பார். இட்லி ஊட்டினால் ஒரு விள்ளல் கொடுத்துவிட்டு, அவர் மென்று, விழுங்கி, ஒரு மூச்சு விட்ட பிறகுதான் அடுத்த விள்ளல். காலைச் சாப்பாடு முடிகிற இடமும் மத்தியானச் சாப்பாடு தொடங்குகிற இடமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன. நானாக இருந்தால் அந்த நேரத்தில் ஊட்டி, குளித்து, சமைத்து, சந்தைக்கும் போய்வந்திருப்பேன். அவர் வந்த பிறகு வீட்டுக்காரருக்குப் புரையேறுவது நின்றுபோனது. அதைத் தற்செயல் என்று வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்காரர் சும்மா இருக்கவில்லை. ஒரு நாள் இடது கையால் எவர்சில்வர் டம்ளரை எடுத்து மூச்சுக்காரர் மேல் எறிந்தார். லாரிக்காரர் குறி. நெற்றியில் பட்டது. மூச்சுக்காரர் நெற்றியைத் தடவிக்கொண்டு, "பாறை வந்துருச்சுங்க" என்றார்.

"என்ன பாறை?"

"கோவமுங்க. போர் போட்டு எறங்கிட்டே இருப்பமுங்க, திடீர்னு பாறை வரும். அப்ப அவசரப்பட்டு அழுத்துனா தொளை போடற பிட்டு ஒடைஞ்சு போயிருமுங்க. ஓ, இது பாறைன்னு தெரிஞ்சுக்கிட்டு மெதுவா ஓட்டோணும். அவ்வளவுதானுங்க."

"எறிஞ்சது அவரு. ஒடைஞ்சது உங்க மண்டை."

"என்ற பக்கமும் பாறைதானுங்க வந்துது. அதையும் பார்த்துக்கிட்டனுங்க."

வீட்டுக்காரர் அவரைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தார். பிறகு, "ஏத்து" என்றார். அது மன்னிப்பு இல்லை. இன்னொரு டம்ளர் எடுத்துக் கொடு என்று அர்த்தம். நான் மொழிபெயர்க்கவில்லை.

இதெல்லாம் பரவாயில்லை. வந்து கொஞ்ச நாளிலேயே அவர் என் பக்கம் திரும்பிவிட்டார்.

"எனக்கு இந்த ஊட்டுல ரெண்டு பேஷண்டுங்க" என்றார் ஒரு நாள். நான் கட்டுப்போட்ட கையோடு மாவு அரைத்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கு ஒரு நோயும் இல்லை."

"நோய்னு சொல்லலீங்க. கம்ப்ரசர் சூடாயிருச்சுன்னா நாங்க வண்டியை நிறுத்திப்போடுவமுங்க. இன்னொரு ராடு எறக்குனா தண்ணி வந்துரும்னாலும் நிறுத்திப்போடுவம். இல்லைன்னா வண்டியும் இல்லை, தண்ணியும் இல்லீங்க."

"நான் கம்ப்ரசர் இல்லை."

"சத்தம் அப்படித்தானுங்க வருது ஆத்தா."

என் மூச்சைச் சொல்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அவர் எந்தப் பாறையைச் சொன்னாலும் போதாது. ஆனால் ஆடி பாதிகூட ஆகவில்லை. அதனால் அவர் சொன்ன மாதிரி சாயங்காலம் வீட்டுக்காரர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார ஒப்புக்கொண்டேன். அங்கே உட்கார்ந்து மூச்சைப் பார்த்துவிட்டு, மனசுக்குள் சில வரிகள் சொல்ல வேண்டும். முதல் வரி, "நான் நல்லா இருக்கோணும்." அடுத்தது மனசுக்குப் பிரியமான ஆளுக்கு. அதற்கு அடுத்து, பிடிக்கும் என்றும் இல்லை பிடிக்காது என்றும் இல்லை, அப்படிப்பட்ட ஓர் ஆளுக்கு. கடைசியில் பிடிக்காத ஆளுக்கு.

முதல் வரியிலேயே நான் நின்றுவிட்டேன்.

மாரியம்மனிடம் நான் கேட்காதது எதுவும் இல்லை. வீட்டுக்காரருக்கு, மகனுக்கு, மருமகளுக்கு, பேத்திக்கு, எருமைக்கு, போர் மோட்டாருக்கு, தெருமுனை டிரான்ஸ்பார்மருக்கு வரைக்கும் கேட்டிருக்கிறேன். எனக்கென்று கேட்டதில்லை. அது பந்தியில் உட்கார்ந்து தன் இலைக்குத் தானே பரிமாறிக்கொள்கிற மாதிரி. எங்கள் வீட்டில் அப்படி வளர்க்கவில்லை.

"எம் புருசன் நல்லா இருக்கோணும்" என்றேன்.

"அது ரெண்டாவது வரிங்க."

"எங்களுக்கு அதுதான் மொதல்."

"காலிப் பானையிலிருந்து எதை ஊத்துவீங்க ஆத்தா?"

"எங்கூட்டுப் பானை காலியா இருந்து நீங்க பார்த்தீங்களா?"

அன்றைக்கு அவ்வளவுதான். மறுநாளும் அதே இடத்தில் நின்றேன். அதற்கு மறுநாளும். மூச்சுக்காரர் சளைக்கவில்லை. போர் போட்டவர் அல்லவா, மேலிருந்து இறங்காவிட்டால் பக்கத்தில் போய்ப் போட்டுப் பார்ப்பார்.

"சரிங்க, கடைசியிலிருந்து வாங்க. பிடிக்காத ஆள் ஒருத்தரை நெனைச்சுக்கங்க."

"நெனைக்க வேண்டியதில்லை. எதுத்தாப்பல உக்காந்திருக்கறாரு."

அவர் ஒரு நொடி யோசித்தார். "ரொம்ப நல்லதுங்க" என்றார். "கையிலேயே ஆள் இருக்குது. என்னையவே வச்சுச் சொல்லுங்க."

அதிலிருந்து தினமும் சாயங்காலம் பல்லைக் கடித்துக்கொண்டு, "இந்த மூச்சுக்காரர் நல்லா இருக்கோணும், இந்த மூச்சுக்காரருக்கு ஒரு கஷ்டமும் வரக்கூடாது" என்று சொன்னேன். அவர் எதிரே உட்கார்ந்து கண்ணை மூடி வாங்கிக்கொள்வார். நாளாக நாளாக அவர் கொஞ்சம் சதை பிடித்தார். அது என் சமையலால் வந்தது. வரியால் வந்தது என்று அவர் நினைத்திருந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

பிடித்ததும் இல்லை பிடிக்காததும் இல்லை என்கிற ஆளைத்தான் கண்டுபிடிக்க முடியவில்லை. எங்கள் ஊரில் அப்படி ஓர் ஆள் கிடையாது. ஒன்று சொந்தமாக இருப்பார்கள், இல்லையென்றால் பேச்சுவார்த்தை இருக்காது. பல பேருடன் இரண்டும் உண்டு. கடைசியில் மினிபஸ் கண்டக்டரைப் பிடித்தேன். தினமும் அவருக்கும் ஒரு வரி சொல்லி வந்தேன். அடுத்த தடவை பஸ் ஏறினபோது வாய் தவறி, "நல்லா இருக்கறீங்களா சாமி?" என்று கேட்டுவிட்டேன். இத்தனை வருசத்தில் அவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது. நான் இறங்குகிறவரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இப்படி ஆடி முடிகிற சமயத்துக்கு வந்துவிட்டோம். கடைசி ஞாயிற்றுக்கிழமைக்கு மூச்சுக்காரர் புதிதாக ஒன்று சொன்னார். காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் வீட்டில் யாரும் பேசக்கூடாது. டிவி கூடாது. போனையும் அணைத்துவிட வேண்டும்.

"எதுக்குங்க அது?"

"ஐயாகிட்ட ஒரு வார்த்தைதானுங்க இருக்குது. நம்மகிட்ட மூட்டை மூட்டையா இருக்குது. ஒரு நாளைக்காவது நாம அவரைவிடக் கொஞ்சமாப் பேசிப் பார்க்கலாமுங்க."

அந்த ஞாயிறு காலையில் டிவியை நானே போய் அணைத்தேன்.

இங்கே எங்கள் டிவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் விழுந்ததிலிருந்து விடிந்ததும் செய்தி வைத்துவிடுவோம். அடுத்த தெரு வரைக்கும் கேட்கும். அடுத்த தெருவில் நங்கையா இருக்கிறார். நங்கையா என்றால் வீட்டுக்காரரின் அக்கா. காலையில் எங்கள் வீட்டுச் செய்தியைக் கேட்டபடி காப்பி குடித்துவிட்டு, "தம்பி சாப்பிட்டானா அம்மிணி?" என்று எனக்குப் போன் போடுவது அவர் வழக்கம்.

அன்று செய்தி கேட்கவில்லை. கரண்டு இல்லையோ என்று பார்த்தாராம், கரண்டு இருந்தது. போன் போட்டாராம், போகவில்லை. நேரில் வந்து வாசல் கேட்டின் கம்பி வழியே எட்டிப் பார்த்திருக்கிறார். உள்ளே வேப்பமரத்தடியில் அவர் தம்பி சாய்வு நாற்காலியில் தலை சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து கிடக்கிறார். கீழே நான் தலைக்குக் குளித்த ஈரக் கூந்தலை விரித்துப் போட்டபடி உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் மூச்சுக்காரர் கையைக் கட்டிக் கண்ணை மூடி நிற்கிறார்.

ஒரு குரல் கொடுத்துப் பார்த்திருக்கலாம். கொடுக்கவில்லை. ஆள் சேர்வதற்கு முன்னால் அழ ஆரம்பித்தால் தனியாக அழ வேண்டியிருக்கும் என்று நினைத்தாராம். எல்லாருக்கும் போன் போடப் போய்விட்டார்.

எனக்கு இது எதுவும் தெரியாது. கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறேன். வண்டிச் சத்தம் கேட்டது. சத்தம் வந்தால் சத்தம் என்று மட்டும் நினைத்துக்கொள்ளுங்க, பின்னாலேயே போகாதீங்க என்று மூச்சுக்காரர் சொல்லியிருந்தார். சத்தம் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு பிளாஸ்டிக் நாற்காலி இறக்குகிற சத்தம். அதையும் சத்தம் என்றே நினைத்துக்கொண்டேன். இவ்வளவு நன்றாக எனக்கு அது வரைக்கும் கைகூடியதில்லை. பிறகு நங்கையா, "என்ற சாமி, என்னை உட்டுட்டுப் போயிட்டியா" என்று ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டார். அதைச் சத்தம் என்று மட்டும் நினைக்க முடியவில்லை.

கண்ணைத் திறந்தால் வாசல் நிறைய ஆள். பக்கத்து ஊரிலிருந்து என் தம்பி வந்து நிற்கிறான். கையில் பொறந்த வீட்டுக் கோடி, புருசனை இழந்தவளுக்குப் போடுகிற வெள்ளைச் சீலை. வாசலில் ஒரு டெம்போ, அதிலிருந்து ஐஸ் பெட்டியைக் கீழே இறக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

மத்தியானம் வரைக்கும் பேசுவதில்லை என்று ஒப்புக்கொண்டவள் நான். சொன்ன சொல்லை மாற்றுகிற குடும்பத்தில் நான் பிறக்கவில்லை. அதனால் கையை ஆட்டி, இல்லை இல்லை என்று சைகை காட்டினேன். புருசன் போனதில் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று எடுத்துக்கொண்டார்கள். மூன்று பொம்பளைகள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். மூச்சுக்காரரைப் பார்த்தேன். அவர் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. அவருக்கு அது இன்னும் சத்தமாகவே இருந்தது.

யாரோ ஒருவர் ரோஜா மாலையை வீட்டுக்காரர் கழுத்தில் போட்டார். தூங்கிக்கொண்டிருந்தவர் அந்தக் குளிர்ச்சியில் விழித்துக்கொண்டார். மாலையைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். டெம்போவையும் பாதி இறங்கிய பெட்டியையும் பார்த்தார்.

"ஏத்து" என்றார்.

வாதம் வந்ததிலிருந்து அவர் சொன்ன அந்தச் சொல் மிகச் சரியாகப் பொருந்தின இடம் அதுதான். எனக்கு மொழிபெயர்க்க வேலையில்லை. டெம்போவில் வந்தவர்கள் ஒரு காலத்தில் அவரிடம் சுமை ஏற்றினவர்கள். அந்தக் குரலுக்குப் பழகிய கைகள். யார் செத்தார், யார் பிழைத்தார் என்று நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பெட்டியைத் திரும்பவும் வண்டியில் ஏற்றிவிட்டார்கள். ஏற்றி முடித்த பிறகுதான் அவர்களில் ஒருவன் திடுக்கிட்டுக் கீழே உட்கார்ந்தான்.

வீட்டுக்காரர் சிரித்தார். ஒரு பக்கம்தான் சிரிக்க வந்தது. விழுந்ததிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு.

அந்த நேரத்தில் மகன் கார் வந்து நின்றது. செருப்பில்லாமல் ஓடிவந்தான். அப்பா மடியில் விழுந்து அழுதான். அழுது முடிந்து, அப்பா உயிரோடு இருப்பதைப் பார்த்து, மறுபடியும் அழுதான். பிறகு எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு மூச்சுக்காரர் பக்கம் திரும்பினான்.

"யோவ், நீ மொதல்ல பையை எடுத்துக்கிட்டுக் கெளம்பு. அம்மா, போதும். ஊரே சிரிக்குது. ஆவணி வரைக்கும் எல்லாம் வேண்டாம். அப்பாவை இன்னைக்கே கூட்டிட்டுப் போறேன்."

மூச்சுக்காரர் கண்ணைத் திறந்தார். ஒன்றும் சொல்லவில்லை. மத்தியானம் ஆகவில்லையே. திண்டாடவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்தார். வந்தவர் படியில் நின்று, மறுபடியும் மூச்சைப் பார்த்தார்.

நான் மகனைப் பார்த்தேன். வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் இடது கை நாற்காலிக் கையை இறுகப் பிடித்திருந்தது. புருசன் செத்தார் என்று ஊர் கூடியபோது வாயைத் திறக்காதவள் அப்போது திறந்தேன்.

"நான் நல்லா இருக்கோணும்" என்றேன்.

"என்னம்மா?"

"நான் நல்லா இருக்கோணும்னு சொன்னேன். அதுக்கு உங்கப்பன் இங்க இருக்கோணும். இந்த மனுசனும் இங்க இருக்கோணும். எனக்கும் பார்க்க ஆள் வேணும். என்னால தனியா முடியலை சாமி."

என்னைப் பிடித்திருந்த பொம்பளைகள் கையை எடுத்துவிட்டார்கள். நங்கையா அழுகையை நிறுத்தினார். மகன் என்னையே பார்த்தான். நான் எனக்கென்று ஒன்று கேட்டு என் வயிற்றில் பிறந்தவன் அன்றுதான் பார்த்தான்.

"நீ எதுவுமே கேட்டதில்லையேம்மா."

"இப்பக் கேக்கறேன்."

"ஏத்து" என்றார் வீட்டுக்காரர்.

"அப்பா என்னம்மா சொல்றாரு?"

"நான் சொன்னதையேதான் சொல்றாரு."

உண்மையில் அவர் சொன்னது, மாலை கழுத்தில் குத்துகிறது, கழற்று என்று. அதைப் பிறகு கழற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மகன் மூச்சுக்காரரிடம் போய் அவர் தோளிலிருந்த பையை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தான். மூச்சுக்காரர் என்னிடம் வந்தார். "மொத வரி வந்துருச்சுங்க ஆத்தா" என்றார், போரில் தண்ணீர் வந்ததைச் சொல்கிற மாதிரி.

வந்தவர்கள் லேசில் போகவில்லை. ஒரு சிக்கல் இருந்தது. சாவுக்கென்று வீட்டை விட்டுக் கிளம்பியவர்கள் தலைக்குத் தண்ணீர் ஊற்றாமல் வீடு திரும்பக்கூடாது. ஆனால் சாவு நடக்கவில்லை. குளிக்க வேண்டுமா வேண்டாமா என்று பெரியவர்கள் வேப்பமரத்தடியில் கூடிப் பேசினார்கள். அதை வீட்டுக்காரர் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். எதற்கும் குளித்துவிடுவது என்று முடிவானது. எல்லாரும் எங்கள் போர் மோட்டாரில் வரிசையாக நின்று குளித்துவிட்டு, ரசமும் சோறும் சாப்பிட்டுவிட்டு, "போயிட்டு வாரனுங்க" என்று சொல்லிக்கொண்டு போனார்கள். சாவு வீட்டில் அப்படிச் சொல்லக்கூடாது என்று நங்கையாதான் வாசலில் நின்று ஒவ்வொருவரையும் திருத்திக்கொண்டிருந்தார்.

என் தம்பி வெள்ளைச் சீலையோடு முழித்தான். வாங்கினதை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோக முடியாது. என் வீட்டிலும் வைக்க முடியாது. மூச்சுக்காரர், "எனக்குக் குடுங்க" என்றார். அதை மடித்துத் தைத்து, இலவம்பஞ்சு அடைத்து, உட்காருவதற்கு ஒரு மெத்தை செய்து கொடுத்தார். அதன்மேல் உட்கார்ந்துதான் இன்று வரைக்கும் சாயங்காலம் என் மூச்சைப் பார்க்கிறேன். பக்கத்தில் வீட்டுக்காரர் உட்கார்ந்து, நான் சரியாகப் பார்க்கிறேனா என்று பார்க்கிறார்.

அதற்கு அடுத்த ஆடி முடிந்து ஆவணி பிறந்ததும் மூச்சுக்காரர் கிளம்பிவிட்டார். வீட்டுக்காரர் இடது கையால் தானே சாப்பிடப் பழகியிருந்தார். நானும் மத்தியானத்தில் கொஞ்சம் படுத்துத் தூங்கப் பழகியிருந்தேன். ஊற்றிக் குளிப்பாட்ட அடுத்த தெரு ஆள் ஒருவர் வந்துபோகிறார், கை வைக்க விடுகிறேன். மேட்டூர்ப் பக்கம் இடுப்பு எலும்பு முறிந்த ஓர் அம்மாளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று மூச்சுக்காரர் சொன்னார். போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வழியில் சாப்பிடப் புளிசாதம் கட்டிக் கொடுத்தேன், கொஞ்சம் கூடுதலாகவே.

படியில் போய் நின்று கண்ணை மூடினார்.

"ஏனுங்க, கெளம்பலீங்களா?"

"ஒடம்பு கெளம்பிருச்சுங்க ஆத்தா" என்றார். "மனசுக்குக் கொஞ்சம் நேரம் ஆகுமாட்ட இருக்குதுங்க."

நானும் சொம்பைப் பிடித்தபடி நின்றேன். அன்று சீக்கிரம் கண்ணைத் திறக்க வேண்டும் என்று எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

இப்போதும் சாயங்காலம் வரிகளைச் சொல்கிறேன். முதல் வரி எனக்கு, தடங்கல் இல்லாமல் வருகிறது. அடுத்தது வீட்டுக்காரருக்கு. பிறகு மினிபஸ் கண்டக்டருக்கு. அவர் வேறு வழித்தடத்துக்கு மாறிப் போய்விட்டார், இருந்தாலும் நிறுத்தவில்லை. கடைசியில் பிடிக்காத ஆளின் இடம் வருகிறது. நங்கையாவை வைத்துப் பார்த்தேன், ஐஸ் பெட்டி ஞாபகம் வந்து சிரிப்பு வந்துவிடுகிறது. வேறு யாரையும் அந்த இடத்தில் வைக்கவில்லை. அது மூச்சுக்காரர் உட்கார்ந்த இடம். திரும்பி வந்தால் அவருக்கு உட்கார வேண்டுமே.